கோடு தொடரும் ரோபோ: மோட்டார் சுற்றினாலே ஆர்டுயினோ ரீசெட் ஆகுது, உதவுங்க

மண்டபம் டீச்சர்:
6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் கோடிங் கிளப். ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஓடும் போர்டு), எல்298என் டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் போர்டு), சக்கரத்துக்கு ரெண்டு மஞ்சள் பிஓ மோட்டார், தரையில் இன்ஃப்ராரெட் ஒளி அடிச்சுக் கறுப்பா வெள்ளையான்னு பார்க்கும் ரெண்டு ஐஆர் சென்சார், ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. யூஎஸ்பி வயர் சொருகியிருந்தா ஓடுது. வயரை எடுத்துட்டா சக்கரம் ஒரு துடிப்பு துடிச்சு நிக்குது, போர்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது. மதியம் வராண்டாவில் ஓட்டினா கறுப்பு டேப் கோட்டையும் விட்டுடுது. புரோகிராம்ல தப்பா?

கீழக்கரை லேப்:
புரோகிராமைத் தொடாதீங்க டீச்சர், பேட்டரிதான் காரணம். அந்தச் சின்ன 9 வோல்ட் பேட்டரிக்கு உள் மின்தடை அதிகம். நின்ற மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதை விடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் படுத்துடும், போர்டு ரீசெட் ஆகும். யூஎஸ்பி இருக்கையில் போர்டுக்குத் தனிச் சப்ளை, அதனால தப்பிக்குது.

6 ஏஏ ரீசார்ஜ் செல்லை வரிசையாகப் போடுங்க, 7.2 வோல்ட் வரும். எல்298என் சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்னும். மீதி சுமார் 5 வோல்ட், பிஓ மோட்டாருக்குச் சரியான அளவு. பேட்டரி பாசிட்டிவ் டிரைவரில் 12 வோல்ட்னு எழுதியிருக்கும் முனைக்கும் ஊனோவின் வின் (Vin) பின்னுக்கும் போகணும். நெகட்டிவ் ரெண்டுக்கும் பொது. டிரைவர் கிரவுண்டையும் ஊனோ கிரவுண்டையும் சேர்க்க மறந்தா மோட்டார் மனம்போன போக்கில் சுத்தும். ஒவ்வொரு மோட்டாரின் ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைங்க. லித்தியம் செல்லை இந்த வயசுப் பிள்ளைங்க கையில் கொடுக்காதீங்க, ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும்.

தொண்டி அண்ணன்:
வராண்டா சங்கதி வேற. வெயிலிலேயே இன்ஃப்ராரெட் கொட்டிக் கிடக்கு. சென்சார் அதைத் தன் ஒளி திரும்பி வந்ததா எடுத்துக்கும். கறுப்பு டேப்பும் வெள்ளையாத்தான் தெரியும். கறுப்பு மேல வச்சும் சென்சார் மாட்யூலில் இருக்கும் எல்இடி விளக்கு அணையலைன்னா அதேதான். சென்சாரைச் சுத்திக் கறுப்புச் சார்ட் அட்டையில் பாவாடை மாதிரி ஒரு மறைப்பு வைங்க. சென்சார் தரையிலிருந்து 8-10 மில்லிமீட்டர். ஓட்டும் இடத்திலேயே, கறுப்பில் எல்இடி அணையும், வெள்ளையில் எரியும்படி சென்சார் மாட்யூலின் சின்னத் திருகைத் திருப்புங்க. டேப் 19 மில்லிமீட்டர்னா ரெண்டு சென்சாருக்கும் நடுவே 30 விடுங்க, கோடு இடையில் ஓடட்டும். இடது சென்சார் கறுப்பைப் பார்த்தா இடது மோட்டார் நிக்கணும்; பிள்ளைங்க மாத்தி எழுதுவது பெரும்பாலும் இந்த வரியைத்தான்.

மண்டபம் டீச்சர்:
மீட்டர் வச்சேன். கிளம்பும்போது 4 வோல்ட்டுக்குக் கீழே விழுது! செல் மாத்துறோம். ஜம்பர் வயர் நுனியெல்லாம் பச்சை பிடிச்சிருக்கே?

கீழக்கரை லேப்:
உப்புக் காத்து. அந்தப் பூச்சு மின்தடை, அதுவே தனியா ரீசெட் கொடுக்கும். மாட்யூல் பின்னை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால் தேய்ங்க; வயரைத் தேய்க்காதீங்க, தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குங்க. கிளப் முடிஞ்சதும் செல்லைக் கழட்டி, எல்லாத்தையும் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைங்க.

தொண்டி அண்ணன்:
ரோபோவின் முன்னாடி உருளும் குண்டுச் சக்கரத்தில் மணல் இருக்கான்னும் பாருங்க. அது சிக்கினாலும் மோட்டார் கரண்ட் ஏறும்.