நேரில் பார்த்தவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: இரண்டு பைக் மோதியதை நானும் தம்பியும் ஒன்றாகத்தான் பார்த்தோம். சிவப்பு ஹெல்மெட்காரர்மேல்தான் தப்பு என்கிறான் அவன். எனக்கு ஹெல்மெட்டே நினைவில்லை. பொய் சொல்கிற ஆளும் இல்லை. எப்படி இது?

பதில் 1: பொய்யே தேவையில்லை நண்பரே. 1974-இல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கார் விபத்துப் படம் காட்டி, "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று 50 பேரிடமும், வெறுமனே "இடித்தபோது" என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 16 பேர் சொன்னார்கள், அடுத்ததில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! கேள்வியில் வந்த சொல்லே நினைவை மாற்றிவிட்டது.

கேட்டவர்: அட, விபத்து நடந்ததும் ஒருவர் வந்து, "அந்தச் சிவப்பு ஹெல்மெட்தானே?" என்று தம்பியிடம் கேட்டார்.

பதில் 2: அந்தச் சிவப்பு ஹெல்மெட் அப்போதே தம்பியின் நினைவில் ஒட்டியிருக்கலாம். இனி இருவரும் அதைப் பேசிக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் தொற்றும். நினைவிருப்பதைத் தனித்தனியாக இன்றைக்கே எழுதி வையுங்கள்.