சைம்ஸ் முற்றத்தில் பீர் விற்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

பழையமாணவி: "பழைய பள்ளிக்கூடத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று சிங்கப்பூர் சைம்ஸைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1854இல் தொடங்கிய கான்வென்ட் அது, நான் அங்கே படித்தவள். 1983இல் பள்ளி அங்கிருந்து கிளம்பியது, 1996இல் மறுபடி கதவு திறந்தபோது உணவகமும் மதுக்கூடமும். எங்கள் முற்றத்தில் இன்று பீர் விற்கிறார்கள். இதுதான் காப்பாற்றுவதா?

கட்டடப்பித்தன்: அக்கா, கான்வென்டின் வழிபாட்டுக்கூடமான சாப்பலில் யாரும் பீர்க் கடை வைக்கவில்லை. கடைசி வழிபாடு 1983லேயே முடிந்துவிட்டது, இப்போது அது கல்யாணம், கச்சேரி நடக்கும் மண்டபம். அங்கே தூண்களின் தலைப்பில் செதுக்கிய இலைகளையும் பறவைகளையும் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மொத்தம் 648 தலைப்பு, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. 1990இல் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தாயிற்று, சரி, கூரை ஒழுகினால் யார் காசு கொடுப்பது? கடை வாடகைதான் கொடுக்கிறது.

பழையமாணவி: நான் சாப்பல் என்றா எழுதினேன்? முற்றம் என்று எழுதினேன். படித்துவிட்டுப் பதில் போடுங்கள். 648 தூண் தலைப்பை எனக்கே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார்!

தெம்பனிஸ்தம்பி: கல்யாண விருந்தில் மது ஊற்ற மாட்டார்களா? அப்படியென்றால் சாப்பலிலும் பீர்தான்.

கட்டடப்பித்தன்: விருந்தில் குடிப்பதும் கடை போட்டு விற்பதும் ஒன்றா தம்பி?

பழையமாணவி: ஒன்றுதான். பக்கத்திலேயே செயின்ட் ஜோசப்ஸ் பள்ளி அதே 1996இல் கலை அரும்பொருளகம் ஆனது. ஆர்மீனியன் தெரு தாவ் நான் பள்ளியில் இப்போது பெரனாக்கன் (இங்கேயே வேரூன்றிய கலப்பு மரபினர்) அரும்பொருளகம். பையன்கள் படித்த இடத்துக்கு ஓவியம், நாங்கள் படித்த இடத்துக்கு பீரா? எங்கள் கான்வென்டுக்கு விக்டோரியா தெருப் பக்கம் ஒரு சின்ன வாசல் இருக்கிறதே, அதில்தான் கைக்குழந்தையை வைத்துவிட்டுப் போவார்கள், சீன நாள்காட்டியின் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று விட்டுப்போனவர்களும் உண்டு, கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்தார்கள். அந்தச் சுவருக்கு உள்ளே பீர்!

உட்லண்ட்ஸ்வாசி: அரும்பொருளகத்துக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். சைம்ஸில் யாரும் சும்மா போய் உட்காரலாம்.

பழையமாணவி: குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெரனாக்கன் இலவசம். தெரியாமல் பேசாதீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி: நான் வேலை அனுமதியில் இருப்பவன். எனக்கு இலவசம் இல்லை. உங்கள் கணக்கில் நாங்கள் சேர்த்தி இல்லையோ?

தெம்பனிஸ்தம்பி: அடடா, இப்போது இது எங்கே வந்தது!

பழையமாணவி: பேச்சை மாற்றாதீர்கள். முற்றத்தில் பீர் விற்கிறார்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கட்டடப்பித்தன்: விற்கிறார்கள், அதனால்தான் கட்டடம் நிற்கிறது. போன மாதம் நூலகக் கட்டடம் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பேசவே விடவில்லை நீங்கள்.

பழையமாணவி: அன்று சொன்னதும் சரிதான், இன்று சொல்வதும் சரிதான். பள்ளிக்கூட முற்றம் அது.