செக் என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

சும்மா_கேட்கிறேன்:
பேங்கில் கொடுப்பது செக், செஸ்ஸில் ராஜாவுக்கு வைப்பது செக், கட்டம் போட்ட சட்டை செக், கேஸ் அடுப்பை மூடினோமா என்று பார்ப்பதும் செக். எல்லாம் ஒரே சொல்தானா, இல்லை வேறு வேறு சொற்கள் நம் வாயில் ஒன்றாகிவிட்டனவா? அகராதியைப் புரட்டினேன், குழப்பம் கூடியதுதான் மிச்சம். பேங்க் செக்கில் மட்டும் க்யூ எழுத்து எங்கிருந்து வந்தது?

குதிரைவீரன்:
எல்லாம் ஒன்றுதான், தொடக்கம் செஸ். நம் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனபோது அங்கே ராஜாவுக்கு ஷா என்று பெயர், ராஜா தாக்கப்பட்டால் எதிராளியை எச்சரிக்க "ஷா" என்று சொல்வார்கள். அது அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், லத்தீனில் ஸ்காக்கஸ், பழைய பிரெஞ்சில் எஷெக் என்று உருமாறி, ஆங்கிலத்தில் முன்னால் இருந்த எழுத்தும் உதிர்ந்து செக் ஆனது. செக்மேட்டும் அப்படித்தான், ஷா மாத். அதற்கு ராஜா செத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பாரசீகத்தில் மாத் என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, வழியில்லாமல்தான் நிறுத்துகிறோம், அதனால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

செக் வைத்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு ராஜாவைத்தான் கவனிக்க வேண்டும், இல்லையா? அதிலிருந்து தடுத்து நிறுத்துவது, கட்டுக்குள் வைப்பது என்ற பொருள் வந்தது. கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் சரிபார்க்க வேண்டும், அதுதான் நீங்கள் கேஸுக்குப் பண்ணும் செக். நம் ஊர் செக்போஸ்ட்டில் தடுப்பதும் பார்ப்பதும் இரண்டும் நடக்கிறது.

பழைய_கணக்கன்:
சரியாகச் சொன்னீர்கள், ஆனால் க்யூ விஷயத்தை விட்டுவிட்டீர்கள், அதுதான் சுவையான இடம். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராஜாவின் கணக்கு அலுவலகத்தில் சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை, காசு உருண்டு விழாமல் சுற்றிலும் விளிம்பு, மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்திக்கு பென்ஸ், அடுத்ததற்கு ஷில்லிங், அப்புறம் பவுண்டு என்று வில்லைகளை அடுக்கித்தான் கூட்டல் கழித்தல் எல்லாம். ஈஸ்டருக்கும், செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்கும் மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃப்கள் வந்து இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கணக்கு ஒப்பிப்பார்கள். பார்க்க செஸ் பலகை மாதிரி இருந்ததால் அதற்கு எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது, பிரிட்டனில் நிதியமைச்சர் இன்றைக்கும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்தான்.

பேங்க் விஷயத்தில் செக் என்ற பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டில். முதலில் அந்தப் பெயர் அடிக்கட்டைக்கு, போலியைப் பிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கும் துண்டுக்கு. பிறகு தாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய எக்ஸ்செக்கர் எழுத்துக்கூட்டலின் சாயலில் பிரிட்டனில் க்யூவைப் போட்டார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அமெரிக்காக்காரர்களுக்கு எல்லாமே ஒரே எழுத்துக்கூட்டல், ஹோட்டல் பில் உட்பட.

சும்மா_கேட்கிறேன்:
அட, அப்போ சட்டை?

பழைய_கணக்கன்:
அதுவும் அந்தப் பலகைதான். பாவிலும் ஊடையிலும் நிற நூலை மாற்றி மாற்றிக் கொடுத்தால் துணியில் கட்டம் விழும், அதற்கு செஸ் பலகையின் பெயர். மெட்ராஸ் செக் என்று உலகமெல்லாம் விற்பது நம் பக்கத்துத் துணி.

சும்மா_கேட்கிறேன்:
நன்றி இரண்டு பேருக்கும். கடைசியாக ஒன்று, செக் நாடு?

குதிரைவீரன்:
அது வேறு, ஒலி மட்டும்தான் ஒன்று. ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர் அது, ஆங்கில எழுத்துக்கூட்டல் போலிஷ் மொழி வழியாக வந்தது. ஷாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.