வில்லனுக்காக மனம் இரங்குது, கதாநாயகன் மேல் எரிச்சல் வருது, ஏன்?

கோண்டாவில்_பெடியன்:
லாஸ்ட் ஒஃப் அஸ் என்ற வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை (2020) இப்போதுதான் முடித்தேன். முதல் பாகத்து நாயகன் ஜோயலை அபி என்றவள் கொன்றுவிடுகிறாள், அவன் மகள் போலப் பார்த்த எல்லி பழிவாங்கப் போகிறாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சான், பாதியில் அபியாக விளையாட வேண்டும் என்று வந்ததும் "ஜோயலைக் கொன்றவளுக்காக நான் ஏன் மினக்கெட வேண்டும்" என்று எழும்பிப் போய்விட்டான். நான் விடாமல் விளையாடினேன். கடைசியில் கடற்கரையில் எலும்பும் தோலுமாக நிற்கிற அபி சண்டையே வேண்டாம் என்கிறாள், எல்லி விடாமல் இழுக்கிறாள், நான் சதுரப் பொத்தானை அழுத்த வேண்டும், கை வரவில்லை. இதே நோட்டி டோக் கம்பனி செய்த அன்சார்ட்டட் கேமில் நாயகன் நேதன் டிரேக் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுவிட்டுப் பகிடி விடுகிறான், அவன் மேல்தான் எனக்கு எரிச்சல். வில்லனுக்கு ஒரு சோகக் கதை வைத்தால் போதுமா, இல்லை வேறு ஏதும் இருக்கா?

வடலி_அக்கா:
சோகக் கதை மட்டும் போதாது தம்பி. முதல் பாகத்தின் (2013) முடிவை நினைத்துப் பாரும். எல்லியைத் தூக்கிக்கொண்டு போக ஜோயல் வருகிற ஆஸ்பத்திரி அறையில் ஒரு வைத்தியர் சின்னக் கத்தியோடு குறுக்கே நிற்பார். அவரைக் கொல்லாமல் கதை நகராது, பொத்தானை அழுத்துவது நீர்தான். அவர் யார், பிள்ளை குட்டி இருக்கா என்று அப்போது யாருமே யோசிக்கவில்லை. ஏழு வருடம் கழித்து அவருடைய மகள் அபி வந்து நிற்கிறாள். அவள் கோபத்துக்குக் காரணம் உம்முடைய கையிலேயே இருக்கிறது, அதனால்தான் அது உறைக்கிறது. வில்லன் ஒரு காட்சியில் அழுது தன் சின்ன வயதைச் சொன்னால் இந்த உறைப்பு வராது.

டிரேக் விஷயத்தில் நீர் சொல்வது சரி. அன்சார்ட்டட் இரண்டாம் பாகத்தில் (2009) வில்லன் லஸாரெவிச் நேராகவே கேட்கிறான், இன்றைக்கு மட்டும் எத்தனை பேரைக் கொன்றாய் என்று. நியாயமான கேள்வி. டிரேக்கிடம் பதில் இல்லை. கடைசி அடியையும் அவன் அடிப்பதில்லை, அவர்கள் தேடிப் போன மறைந்த நகரத்தின் காவலர்கள் வந்து அந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு பேரை என் கையால் கொல்லவைத்துவிட்டு, நாங்கள் விளையாடாமல் பார்க்க மட்டும் செய்கிற வீடியோக் காட்சி வந்ததும் நாயகனின் கையைக் கழுவி விடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆத்திரம்.

நாவாந்துறை_கேமர்:
அக்கா சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். அபியின் பகுதியும் எங்களைப் பிடித்துத் தள்ளுகிறதுதானே. எல்லியாக விளையாடும்போது ஒரு நாயைக் கொல்ல வைக்கிறார்கள், பிறகு அது அபியின் ஆட்களோடு வளர்ந்த நாய் என்று காட்டுகிறார்கள். இது இரக்கத்தைப் பிழிந்து எடுக்கிற வேலை.

இதைவிட நேர்மையாகச் செய்தது நியர் ரெப்ளிகன்ட் என்ற கேம் (2010, புதுப்பித்து வந்தது 2021). முதல் தடவை விளையாடும்போது 'நிழல்கள்' என்ற எதிரிகள் எல்லாம் விளங்காத சத்தம் போடுகிற பேய்கள், வெட்டிக்கொண்டே போகலாம். இரண்டாம் தடவை அதே சண்டைகள், ஆனால் அவை கதைப்பது விளங்கும். பழைய இரும்புக் குவியலுக்குள் ஒரு ரோபோவும் தாயை இழந்த ஒரு குட்டி நிழலும் சிநேகிதம். இரண்டும் வெளியுலகம் பார்க்கப் போக ஆசைப்படுகின்றன. நாயகனுக்கு ஒன்றும் விளங்காது, அவன் முதல் தடவை மாதிரியே வெட்டுகிறான். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

சங்கிலியன்_வீதி:
இது எங்களுக்குப் புதிதில்லையே. வாலி விழுந்து கிடந்துகொண்டு இராமனைப் பாட்டுப் பாட்டாகக் கேட்க கம்பன் இடம் விடுகிறான். மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்கு மறுமொழி சொல்வது இராமன்கூட இல்லை, இலக்குவன். அதனால்தான் கம்பன் விழாவில் வழக்காடு மன்றம் வைத்து இன்றைக்கும் அடிபடுகிறோம். நாயகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவன் சிறுத்துப்போவான் என்று கேம் எழுதுகிறவர்கள் ஏன் பயப்படுகிறார்கள்? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) பயப்படவில்லை. வட்டிக்காசு கேட்டு ஒரு நோயாளியை நாயகன் ஆர்தர் அடிக்கிறான், அந்த மனிதனின் காசநோய்தான் ஆர்தரையும் பிடிக்கிறது. அவனை யாரும் காப்பாற்றவில்லை, அவனைப் போல நான் வேறு எந்த நாயகனையும் நேசித்ததில்லை.

கோண்டாவில்_பெடியன்:
வாலி கதை எனக்கு ஞாபகத்துக்கு வரவே இல்லை அண்ணை, மச்சானுக்கும் இதைக் காட்டுகிறேன். நியரை இந்தக் கிழமை தொடங்கப் போகிறேன். இரண்டாம் தடவை என்றால் முழுக்க முதலில் இருந்தா?

நாவாந்துறை_கேமர்:
இல்லை, கதையின் நடுவில் இருந்துதான் தொடங்கும். முதல் முடிவு வந்ததும் சேவ் பண்ண மறக்காதே.