ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவங்களைப் பற்றி ஒரு பாட்டு: வரிக்கும் வீட்டுப் பதிவுக்கும் உதவி வேணும்

மொட்டைமாடி_கிட்டார் (கேள்வி)

வணக்கம். ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதிட்டிருக்கேன். ஒரு குரல், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், அவ்வளவுதான். கார்டு ஏ மைனர், எஃப், சி, ஜி. தாளம் 6/8, அதாவது ஒரு பாருக்கு (சுற்றுக்கு) ஆறு எண்ணிக்கை. பாடப்போறதும் நான்தான், ஆண்குரல். ரெண்டு இடத்துல மாட்டி நிக்குது.

முதல்ல வரி. பல்லவி இப்போதைக்கு இப்படி இருக்கு:

யாரும் பார்க்காத வலி இது
யாருக்கும் கேட்காத ஒலி இது
உட்கார ஒரு நாற்காலி
சட்டம் கூடத் தரலியே

மெட்டோட பாடிப் பார்த்தா மேடைப்பேச்சு மாதிரி இருக்கு. "இது"ன்னு இழுக்கிற இடத்துல குரல் நிக்கவே மாட்டேங்குது.

அடுத்தது பதிவு. 10-க்கு 12 அடி அறை, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. ஒரு கண்டென்சர் மைக், மைக் ஒலியை லேப்டாப்புக்குக் கொண்டுபோற ரெண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், ரீப்பர்ங்கிற பதிவு மென்பொருள். அறை நடுவுல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிட்டார் ஓட்டைக்கு நேரா மைக் வெச்சு எடுக்கிறேன். ஏ மைனர் பிடிக்கும்போதெல்லாம் அடித்தந்தி குமுறுது. குரல் பாத்ரூம்ல பாடின மாதிரி கேட்குது. எல்லாத்துக்கும் அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் ஓடிட்டே இருக்கு. எங்கேர்ந்து சரி பண்ண ஆரம்பிக்கணும்?

அசை_சீர்

வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தகவல் பிழை. "சட்டம் கூடத் தரலியே" என்பது இன்றைக்கு உண்மை இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். கேரளத்தில் அது 2018-லேயே வந்தது. கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் பல வருஷம் போராடியதும் அதற்கு ஒரு காரணம். விஷயம் தெரிந்த ஒருவர் இந்த வரியைக் கேட்டால் அங்கேயே பாட்டை நம்புவதை நிறுத்திவிடுவார். நாற்காலி போட்ட பிறகும் உட்கார முடிகிறதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பாட்டு அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, "வலி", "ஒலி" இரண்டும் கேட்பவருக்கு எதையும் காட்டுவதில்லை. யாருக்கும் தெரியாத கஷ்டம் என்று நீங்களே சொல்லிவிட்டால் அவர் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பெண் காலையிலிருந்து கடை சாத்தும்வரை வாயால் என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். படியேறி வருகிற ஒவ்வொருவரிடமும் "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்கிறாள். நின்றுகொண்டே சொல்கிறாள். இதையே பல்லவியாக்குங்கள். அவள் நிற்கிறாள் என்று தனியாக ஒரு வரி வேண்டியதே இல்லை.

இது மெட்டுக்கும் தோதான சொல். குரல் ஏன் "இது"வில் நிற்கவில்லை என்றால், ஈற்றில் வரும் "து"வின் உகரம் பேச்சில் குறுகி ஒலிக்கிறது. சொல்லின் ஈற்றில் கு, சு, டு, து, பு, று இப்படிக் குறுகுவதை இலக்கணம் குற்றியலுகரம் என்கிறது. அதுவும் வல்லினத்தோடு நிறுத்திக்கொள்கிறது, "இது" போலத் தனிக்குறிலை அடுத்து வந்தால் முற்றியலுகரம் என்றே சொல்கிறது. நம் பேச்சில் வு, லு எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான் சுருங்கும். அதைப் பிடித்து இழுத்தால் ஒன்று "இதூ" ஆகும், இல்லையென்றால் மூச்சு மட்டும் வரும். நீளமான சுரத்துக்கு ஆ, ஏ, ஓ-வில் முடிகிற சொல் வேண்டும். மெய்யில் முடிந்தால் ம், ன், ண், ல், ர் பரவாயில்லை, மூடிய வாயிலும் ஓசை ஓடும். க், ட், ப் வந்தால் ஓசை அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

6/8-இல் இப்படிப் பிரித்துப் பாருங்கள். "உட்" முந்தைய பாரின் 6-ஆவது எண்ணிக்கையில் எடுப்பு. "கா" 1, 2, 3. "ருங்" 4, 5. "கம்" 6. "மா" அடுத்த பாரின் 1-இல் விழுந்து 5 வரை நீளும். அறுபடுகிற "ட்" தாளத்தின் தளர்ந்த இடத்துக்குப் போய்விட்டது, இரண்டு நெடிலும் அடியில் விழுகின்றன. அந்த "மா"வை ஷட்ஜத்தில் (ஏ சுரத்தில்) இறக்காதீர்கள். பஞ்சமத்தில் (ஈ சுரத்தில்) நிறுத்தி, அடியில் ஈ மைனர் போடுங்கள். மெட்டு வீடு திரும்பாமல் தொங்கிக்கொண்டே இருக்கட்டும். கடைசிச் சரணம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை ஏ மைனரில் இறக்கலாம்.

சரணத்தில் காரணம் சொல்லாமல் பொருளை மட்டும் வையுங்கள். மாதிரிக்கு:

நாலாம் மாடி நான் நிக்கிற எடம்
கீழ்த்தளத்துல கழிவறைக் கதவு
காலையில நிரப்பின தண்ணி பாட்டில்
கடை சாத்தும்போதும் குறையல அளவு

ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பதைக் கேட்பவரே கூட்டிக்கொள்வார். மோனை இருக்கிறது: முதல் வரிக்குள் நாலாம்–நான், கடைசி இரண்டு வரிகளின் தொடக்கத்தில் கா–க. பேச்சு வரிக்கு அவ்வளவு போதும், எதுகைக்காகச் சொல்லை வளைக்க வேண்டாம். "கதவு", "அளவு" இரண்டையும் வெடுக்கென்று முடித்துவிட்டு மிச்ச எண்ணிக்கையைக் கிட்டாருக்கு விடுங்கள். ஒரு சரணத்துக்கு ஒரு பொருள்: ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஒன்றில் பிரித்துப் போட்ட புடவைக் குவியல், ஒன்றில் ஆள் இல்லாத நாற்காலியும் அதைப் பார்த்தபடி இருக்கிற கேமராவும். நான்காவது சரணம் எழுதத் தோன்றினால் எழுதிப் பாருங்கள், ஆனால் மூன்றோடு நிற்பதே நல்லது.

பஞ்சுமெத்தை_ஸ்டூடியோ

பதிவுக்கு வரேன். உங்க மூணு பிரச்சினைக்கும் காரணம் தனித்தனி.

ஏ மைனர் குமுறல்: 10 அடி இடைவெளியில எதிரெதிரா ரெண்டு சுவர் இருந்தா முதல் அதிர்வு சுமார் 56 ஹெர்ட்ஸ், ரெண்டாவது சுமார் 113. உங்க அஞ்சாவது தந்தி சும்மா மீட்டினா 110. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால அறையும் சேர்ந்து பாடுது. இந்த ரெண்டாவது அதிர்வு அதிகமா இருக்கிறது சுவரோரத்துலயும் சரியா நடுவுலயும். நீங்க உட்கார்ந்திருக்கிறது நடுவுல! அது ஏறக்குறைய மறைஞ்சு போற இடம் சுவர்லேர்ந்து கால் பங்கு தூரம். அதனால அந்த ரெண்டு சுவர்ல ஏதாவது ஒண்ணுலேர்ந்து இரண்டரை அடியில மைக் வர்ற மாதிரி இடத்தை மாத்துங்க. கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒண்ணா அழுத்துற கிளிப்) போட்டுத் தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க. ரெண்டாவது ஃப்ரெட்ல போட்டா ஜி பிடியோட அடி சுரம் அதே 110-ல வந்து விழும்.

அதோட மைக்கை ஓட்டைக்கு நேரா வைக்கிறதை விடுங்க. பெட்டிக்குள்ள இருக்கிற காத்து மொத்தமும் அது வழியாத்தான் வெளியே தள்ளுது. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே 25 செ.மீ. தள்ளி வெச்சு, கழுத்து உடம்போட சேர்ற இடத்தைப் பார்க்கிற மாதிரி லேசாத் திருப்புங்க. கனம் பத்தலைன்னா ஓட்டைப் பக்கம் ரெண்டு ரெண்டு செ.மீ.-ஆ நகர்த்துங்க. கம்பி சத்தம் அதிகமா இருந்தா தூரத்தைக் கூட்டுங்க.

பாத்ரூம் குரல்: கார்டியாய்டு மைக் முன்பக்கம் இருக்கிறதைத்தான் எடுக்கும். அதுக்கு முன்பக்கம்னா நீங்களும், உங்களுக்குப் பின்னாடி இருக்கிற சுவரும். அதனால மெத்தை வர வேண்டிய இடம் உங்க முதுகுப் பக்கம். நிறைய பேர் மைக்குக்குப் பின்னாடி கட்டிட்டு வித்தியாசமே தெரியலைம்பாங்க. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவர்ல சாய்ச்சு நிறுத்துங்க, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவுல ஒரு சாண் இடம் விட்டா இன்னும் நல்லது. தரையில ரெண்டு மடிப்பா ஜமக்காளம். துணி நிறைஞ்ச பீரோ இருந்தா கதவைத் திறந்து வைங்க. கையைத் தட்டிப் பாருங்க, 'டிர்ர்ர்'னு ஒரு நடுக்கம் வர்ற வரைக்கும் வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். முட்டை அட்டைக்குச் செலவு பண்ணாதீங்க, குரலோட உடம்பு இருக்கிற 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் அது ஒண்ணும் பண்ணாது.

'ம்ம்ம்' இரைச்சல்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஒரு நிமிஷம் பதிவு பண்ணுங்க. இரைச்சல் போயிட்டா சார்ஜர்தான் காரணம், இனி பேட்டரியிலயே எடுங்க. போகலைன்னா ஃப்ரிட்ஜ், டியூப்லைட் சோக், மீன் தொட்டி மோட்டார் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது 100, 150-லயும் கேட்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடுற நேரத்துல எடுக்கவே எடுக்காதீங்க, சைன் வேவ் வராத இன்வெர்ட்டர்னா அந்தக் கரகரப்பை அப்புறம் எடுக்க முடியாது.

ஃபேன் ஓடக்கூடாது. ஏசி இருந்தா அறையை முன்னாடியே நல்லாக் குளிர வெச்சுட்டு நிறுத்துங்க. சூடு ஏற ஏற தந்தி இறங்கும், அதனால ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி சுருதி பாருங்க. கடலோர ஊர்னா தந்தி சீக்கிரம் துருப்பிடிச்சு மந்தமாயிடும். புதுசு மாத்துறதா இருந்தா பதிவுக்கு முந்தின நாளே மாத்தி இழுத்து விட்டு வைங்க.

அளவு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டுல நீங்க ரொம்ப சத்தமாப் பாடுற இடத்தைப் பாடிக்கிட்டே கெயின் (மைக் ஒலியோட அளவு) வைங்க, உச்சி மைனஸ் 12 டிபி பக்கம் நிக்கணும். குரலுக்கு மைக் தூரம் 15–20 செ.மீ., நடுவுல 'ப' சொல்லும்போது வர்ற காத்தைத் தடுக்கிற பாப் ஃபில்டர். வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல இருந்தா 'ஸ' கீச்சல் குறையும்.

மொட்டைமாடி_கிட்டார்

ரெண்டு பேருக்கும் நன்றி. சார்ஜரைப் பிடுங்கினதும் இரைச்சல் போயிடுச்சு. பல்லவியை "உட்காருங்கம்மா"ன்னு மாத்திட்டேன். இன்னொரு கேள்வி: கிட்டாரும் குரலும் ஒண்ணா எடுக்கணுமா, தனித்தனியாவா? கிளிக் (காதுல கேட்கிற தாள டிக்-டிக்) போட்டா உயிர் போற மாதிரி இருக்கு.

பஞ்சுமெத்தை_ஸ்டூடியோ

தனித்தனியா எடுங்க. ஒரே மைக்ல ஒண்ணா எடுத்தா குரல்ல ஒரு சொல் தப்பினாலும் மொத்தத்தையும் திரும்ப வாசிக்கணும். முதல்ல கிளிக்கோட குரலும் கிட்டாரும் சேர்த்து ஒரு வழிகாட்டி டிராக், அதைக் கேட்டுக்கிட்டே கிட்டார், கடைசியா குரல். இந்த வரிக்கு டாட்டட் குவார்ட்டர் (மூணு எண்ணிக்கை சேர்ந்த ஒரு அடி) நிமிஷத்துக்கு 52 சரியா இருக்கும்னு தோணுது. ரீப்பர் கணக்கு சாதாரண குவார்ட்டர்ல (ரெண்டு எண்ணிக்கை) ஓடுறதால அங்க 78-னு போட்டு 6/8 வைங்க. அப்போ "மா" கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட் நிக்கும். காதை மூடுற ஹெட்ஃபோன் போடுங்க, இல்லைன்னா கிளிக் கசிஞ்சு மெதுவான இடத்துல மைக்ல ஏறிடும். ஹெட்ஃபோன்ல உங்க குரல் பிந்தி வந்தா இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் (லேப்டாப் வழியாப் போகாம குரல் நேரா காதுக்கு வர்ற வசதி) போட்டுக்குங்க.

நாட்டார்_தாளம்

இதுல எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பாட்டுக்கு மூச்சுதான் தாளம். "உட்காருங்கம்மா" ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாத் தளரணும், கிளிக் அதை நடக்க விடாது. ஒரே மைக்ல ஒண்ணாவே எடுக்கலாம்: மைக்கை நெஞ்சு உயரத்துல, 45 செ.மீ. தள்ளி வைங்க. குரல் கூட வேணும்னா மைக்கை மேலே ஏத்துங்க, கிட்டார் கூட வேணும்னா கீழே இறக்குங்க. 30 செகண்ட் எடுத்துக் கேட்டுக் கேட்டு உயரத்தை முடிவு பண்ணுங்க, அப்புறம் மிக்ஸிங்ல அதை மாத்த முடியாது. முழுப் பாட்டையும் தடங்கல் இல்லாமப் பாடுற அளவுக்குப் பழகின பிறகுதான் இது பலிக்கும்.

இன்னொண்ணு. தாளத்துக்கு டோலக், கஜோன் (பெட்டி மேளம்) எதுவும் வேண்டாம். புடவையை உதறிப் பிரிக்கிற சத்தம் போதும். கஞ்சி போட்ட பருத்திப் புடவைன்னா நல்லா 'பட்'னு வரும், பட்டும் சிந்தெட்டிக்கும் வழவழன்னு போயிடும். வீட்டுலயே 30 செ.மீ. தூரத்துல எடுத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிட்டு, புடவைக் குவியல் வர்ற சரணத்துல மட்டும் 4-ஆவது எண்ணிக்கையில வைங்க. கடைக்குள்ள போய் ஃபோன்ல பதிவு பண்ணாதீங்க. அங்க வேலை பார்க்கிறவங்க குரல் அதுல விழுந்தா, அவங்க வேலைக்கே வினையா முடியலாம்.

பஞ்சுமெத்தை_ஸ்டூடியோ

தளர்றது வேணும்னா அதை முன்னாடியே முடிவு பண்ணிக்கலாம்: ரீப்பர்ல டெம்போ மார்க்கர் வெச்சு ஒவ்வொரு பல்லவிக்கும் 1 பிபிஎம் (நிமிஷத்துக்கு ஒரு அடி) குறைச்சுக்கிட்டே வாங்க, கடைசி வரிக்குக் கிளிக்கையே நிறுத்திடுங்க. புடவைச் சத்தம் அருமையான யோசனை.

மிக்ஸிங்குக்குச் சுருக்கமா: கிட்டார்ல 80-க்குக் கீழே வெட்டு, 200–250 பக்கம் 2, 3 டிபி குறைப்பு. குரல்ல 80-க்குக் கீழே வெட்டு, கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்றது) 3:1, அட்டாக் (அது வேலை ஆரம்பிக்க எடுக்கிற நேரம்) 15 மில்லிசெகண்ட், அதோட முள் 3, 4 டிபி-க்கு மேல ஆடக்கூடாது. 'ஸ' இன்னும் குத்தினா 6–8 கிலோஹெர்ட்ஸ்ல டீஎஸ்ஸர். ரிவெர்ப் (அறை எதிரொலி) சின்ன அறை, ப்ரீடிலே (அது தொடங்குற தாமதம்) 25 மில்லிசெகண்ட். ரிவெர்ப் இருக்குன்னு தெரியுற அளவுக்கு ஏத்திட்டு அங்கேர்ந்து 3 டிபி இறக்குங்க. அகலம் வேணும்னு ஒரே கிட்டார் டேக்கைக் காப்பி பண்ணி இடம் வலம் வைக்காதீங்க, அது சத்தத்தை மட்டும் கூட்டும். அகலத்துக்கு ரெண்டாவது தடவை வாசிச்சே ஆகணும். இந்தப் பாட்டுக்கு அது வேண்டாம்கிறது என் கருத்து. குரலும் கிட்டாரும் நடுவுலயே இருக்கட்டும்.

இணையத்துல ஏத்தும்போது சராசரி சத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்த அளவோட அலகு) பக்கம், ட்ரூ பீக் (உண்மையான உச்சி) மைனஸ் 1 டிபி.

அசை_சீர்

மெட்டு வேறொருவர் போட்டதாக இருந்தால் வெளியிடுவதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனிப் படைப்புகள். பதிவு செய்வது கட்டாயமில்லை, எழுதியதுமே உரிமை உண்டு. ஆனால் யார் எதற்கு உரியவர் என்று பிறகு தகராறு வந்தால் தேதியிட்ட வரைவுகளும் ரீப்பர் கோப்புகளும்தான் கைகொடுக்கும். 2021 திருத்தத்தைப் பற்றிய ஒரு வரியை வீடியோ விவரக்குறிப்பில் போடுங்கள், பாட்டுக்குள் வேண்டாம்.

மூன்றாம் சரணத்தில் கேமரா என்ற சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். "கே" நெடில், அடியில் வைக்கலாம். "ரா"வை நீட்டினால் அழைப்பது போலாகிவிடும். அதை அரை எண்ணிக்கையில் விட்டுவிட்டு, அடுத்த சொல்லுக்குத் தாவுங்கள்.