பிரிட்டன் போனதுல அயர்லாந்துக்கு லாபமா, நட்டமா?

கீழமாசிவீதி:
"பிரெக்ஸிட்டால அயர்லாந்து படுத்துருச்சு"ன்னு நேத்து இங்க ஒருத்தர் போட்டிருந்தார். யாருங்க சொன்னது? ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறணும்னு, அதான் பிரெக்ஸிட், 2016ல பிரிட்டன் ஓட்டுப் போட்டதுமே லண்டன் வங்கிங்க ஒன்றியத்துலயே இருக்கிற அயர்லாந்தோட தலைநகர் டப்ளின்ல இடம் தேட ஆரம்பிச்சிருச்சு. பேங்க் ஆஃப் அமெரிக்கா தன் ஐரோப்பியத் தலைமையிடத்தையே அங்க வச்சது. பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரை இறக்கினா நமக்குத்தானே யாவாரம்?

ஆனையூர் அக்கா:
அந்தக் கடைக்காரர்தான் நம்மகிட்ட சரக்கு எடுக்கிறவர்னா? நானும் சின்னதா காளான் ஷெட் போட்டிருக்கேன், அதனால அயர்லாந்துக் காளான்காரங்க பாட்டைத் தேடிப் படிச்சேன். பெரும்பகுதி சரக்கு பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான். விலை பேசுறது பவுண்டுல, கூலி கொடுக்கிறது யூரோவுல. ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஒரு பவுண்டுக்கு சுமார் 1.30 யூரோ, அந்த அக்டோபர்ல 1.11 பக்கம். பிரிட்டன் வெளியேறவே இல்லை, அதுக்குள்ள சில பண்ணை மூடியாச்சு. பறிச்ச காளானை வச்சுக்கிட்டு புதுசா ஆள் தேட முடியுமா தம்பி?

கீழமாசிவீதி:
அக்கா, அது பவுண்டு விழுந்த கதை. வரி எங்க இருக்கு? பிரிட்டனும் ஒன்றியமும் போட்ட 2020 டிசம்பர் ஒப்பந்தப்படி சுங்க வரியே பூஜ்யம்.

கப்பல்சரக்கு:
தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பேப்பர் போடுறவன் சொல்றேன் தம்பி. பூஜ்யம்ங்கிறது அந்தந்தப் பக்கத்துலயே செஞ்ச சரக்குக்கு மட்டும். பெர்சி பிக்னு ஒரு மிட்டாய், ஜெர்மனியில செஞ்சு பிரிட்டன் குடோனுக்கு வந்து, அங்கேருந்து டப்ளின் போகும். ஒன்றியத்துல பொறந்து ஒன்றியத்துக்கே திரும்புது, ஆனா நடுவுல வெளிய போயிட்டு வந்ததால வரி! லாரிக்காரன் பாடு வேற. முன்னாடி டப்ளின்ல கப்பலேறி ஹோலிஹெட்ல இறங்கி, பிரிட்டனைக் குறுக்கே ஓட்டி, டோவர் வழியா பிரான்ஸ் போயிருவான். 2021 ஜனவரியிலேருந்து அந்த வழியில பேப்பர் தொல்லை. அயர்லாந்து ராஸ்லேர் துறைமுகத்துலேருந்து பிரான்ஸ் டன்கிர்க்குக்கு நேரா கப்பல் விட்டாங்க. கிட்டத்தட்ட ஒரு நாள் கடல்லயே.

கீழமாசிவீதி:
அப்ப புது வழி பொறந்துச்சுல்ல? பிரிட்டனோட சேர்ந்த வட அயர்லாந்தோட யாவாரமும் ஏறிருச்சு, ஜிடிபியும் விழலை.

ஆனையூர் அக்கா:
ஜிடிபியைத் தூக்கி நிறுத்துறது அமெரிக்க மருந்து, சாஃப்ட்வேர் கம்பெனிங்க கணக்கு. அது ஊதின கணக்குன்னு அயர்லாந்துப் புள்ளிவிவரத் துறையே வேற அளவு ஒண்ணு வச்சிருக்கு. அதுல காளான்காரனைத் தேடினா கிடைக்குமா?

கப்பல்சரக்கு:
வடக்கு யாவாரம் ஏறின ரகசியமும் இதான். சரக்கு விஷயத்துல வட அயர்லாந்து ஒன்றிய விதிக்குள்ளயே இருக்கு, நில எல்லையில சோதனை கிடையாது. பிரிட்டன்ல வாங்கினவன் வட அயர்லாந்துப் பக்கம் திரும்பிட்டான்.

கீழமாசிவீதி:
மாட்டுக்கறியும் சீஸும் பிரிட்டனுக்குப் போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு?

கப்பல்சரக்கு:
பிரிட்டன் தன் பக்கச் சோதனையை 2024 வரைக்கும் தள்ளித் தள்ளிப் போட்டதாலதான் போய்க்கிட்டு இருந்துச்சு. மீனவங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஒப்பந்தத்துல மீன்பிடி கோட்டாவை வெட்டிட்டாங்க, அப்புறம் படகை ஒழிச்சுக்கட்டச் சொல்லிக் காசு கொடுத்தாங்க. பிரெக்ஸிட் பாதிப்புக்குன்னு ஒன்றியம் 500 கோடி யூரோவுக்கு மேல ஒதுக்கின நிதி அது. அதுல பெரிய பங்கு அயர்லாந்துக்கு. லாபம் பார்த்தவனுக்கு எதுக்குத் தம்பி நிவாரணம்?