பிணை கிடைத்தும் வெளியே வரவில்லை: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

உப்புவெளி வாசி

மறியலில் இருக்கும் ஒருவருக்குப் பிணை கிடைத்த பிறகும், காகிதப் பிழையாலோ ஆள் பற்றாக்குறையாலோ வீடு வரத் தாமதமான கதை திருகோணமலையில் பலரிடம் இருக்கும். எழுதுங்கள். இதே வழியில் நாளை அலையப்போகும் குடும்பத்துக்கு உதவும்.

எங்கள் அத்தான் கடற்றொழிலாளி. தடைசெய்யப்பட்ட வலை வழக்கு. இட நெருக்கடி என்று வெளிமாவட்டச் சிறை ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். பிணைக்காரர் இருவரைப் பிடித்து, கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கி எல்லாம் சரிக்கட்டியபோது வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் கையெழுத்து முடிந்ததும் அக்காவும் நானும் பஸ் ஏறினோம்.

அங்கே ஒரே ஒரு உத்தியோகத்தர். பார்வையாளர் பதிவு, சாப்பாட்டுப் பொதி பரிசோதனை, விடுதலைக் காகிதம் எல்லாம் அவர் தலையில்தான். பெரிய பதிவேட்டைத் திறந்து, விரலைப் பெயர்ப் பட்டியலில் மேலிருந்து கீழாக இழுத்தார். "இந்தப் பெயரில் ஆள் இல்லையே" என்றார். அக்காவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. "சேர், அவருடைய அப்பாவின் பெயரைப் பாருங்கோ" என்றாள். இருந்தது! தகப்பன் பெயரையே ஆளின் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நீதிமன்றக் கட்டளையில் வேறு பெயர், பதிவேட்டில் வேறு பெயர். திருத்தம் வராமல் விட முடியாது என்றார். சனி, ஞாயிறு முழுக்க அத்தான் உள்ளேதான்.

அந்த உத்தியோகத்தர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2025 வெசாக் பொதுமன்னிப்பில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஜனாதிபதி அங்கீகரித்த 388 பேர் கொண்ட பட்டியலில் இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியே போனார். கடைசியில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார். அதற்குப் பிறகு பெயர் பொருந்தாத காகிதத்தில் யார் துணிந்து கையெழுத்து வைப்பார்? எனக்குக் கோபமெல்லாம் முதல் நாளே அடையாள அட்டையைப் பார்த்து எழுதாதவர்கள் மேல்தான்.

கிண்ணியா ராத்தா

எங்கட காக்காவுக்கு மணல் ஏற்றிய வழக்கு ரெண்டு. ஒன்றில் பிணை கிடைத்தது. மற்றதின் தவணையன்று அவரைக் கூட்டிவரவே இல்லை. கூட்டிவரக் காவலர் இல்லையாம். நீதவான் அடுத்த தவணை போட்டார். உம்மா நீதிமன்ற வாசலில் சோற்றுப் பொதியோடு நின்றா. யாரும் வந்து ஒரு சொல் சொல்லவில்லை. சட்டத்தரணி மோஷன் போட்டு வழக்கை முன்கூட்டியே எடுப்பித்ததால் தப்பினோம். கொரோனாவுக்குப் பிறகு சில தவணைகளுக்கு வீடியோவில் காட்டுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் திரையில் முகத்தைக் காட்டிவிட்டுப் போகும் மனுஷன் தன் சட்டத்தரணியிடம் எப்போது பேசுவார்?

சாம்பல்தீவு

என் அப்பா சிறைக்காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். உள்ளே நடப்பதை வீட்டில் சொல்லுவார். ஒரு கைதி ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டிலருகே இரவும் பகலும் காவல் போட வேண்டும். அதே நாளில் நீதிமன்றத்துக்கும் ஆள் அனுப்ப வேண்டும். மிஞ்சுகிறவர்கள்தான் கூட்டம் நிறைந்த வார்டுகளையும் வாசலையும் பார்க்க வேண்டும். மாற்றுக்கு ஆள் வராமல் அடுத்த முறையும் சேர்த்து நின்றுவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் தூங்கிப்போன அப்பாவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்படி நித்திரை முழித்தவர் கையில்தான் பதிவேட்டுப் பேனையும் இருக்கிறது.

நாட்டுச் சிறைகளில் சுமார் 11,000 பேருக்குத்தான் இடம். அண்மைய ஆண்டுகளில் உள்ளே இருப்பவர்கள் 30,000ஐத் தாண்டிவிட்டார்கள். அதில் பெரும்பான்மையினர் தீர்ப்பே வராத விளக்கமறியல்காரர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2020ஆம் ஆண்டு சிறைச்சாலை ஆய்வு கைதிகளோடு நிறுத்தாமல் உத்தியோகத்தர்களின் வேலை நிலைமையையும் எழுதியது. சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமோ 1877ஆம் ஆண்டினுடையது. ஆட்களை எடுங்கள், பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தோடு இணையுங்கள் என்று அப்பா இப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

உப்புவெளி வாசி

சாம்பல்தீவு, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காவலர்கள் பக்கத்துக் கஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை.

இப்போது வழக்கில் இருப்பவர்களுக்கு ஒன்று. முதல் தவணையிலேயே அடையாள அட்டைப் பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுத்து, நீதிமன்றக் கோவையில் பெயர் அதே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கப் போகும்போது சிறைப் பதிவில் என்ன பெயர் என்று உள்ளே இருப்பவரிடமே கேளுங்கள். வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் அதன் இலக்கத்தையும் தவணையையும் எழுதி வைத்திருங்கள். ஒன்றில் பிணை கிடைத்தாலும் மற்றது பிடித்து வைத்துவிடும். முடிந்தால் பிணை அலுவலை வெள்ளிக்கிழமைக்கு விடாதீர்கள்.

அப்புறம், தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருப்பவர்கள் கணிசம். பணம் பிறகு கிடைத்தால் சிறையிலேயே கட்டி ஆளை வெளியே எடுக்கலாம். அது தெரியாத குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.